ஓட்டுப் போடாவிட்டால் சாமி கண்ணைக் குத்துமா?

இந்தியத் தேர்தல் சட்டத்தில் கடவுளின் கோபத்தைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவு, தேர்தலில் எவையெல்லாம் முறைகேடு என்று வரிசைப்படுத்துகிறது. லஞ்சத்துக்கு அடுத்தபடியாக அங்கே வருவது, வாக்காளரைத் தகாத முறையில் நிர்ப்பந்திப்பது. கையை முறுக்குவதும் ஊர்விலக்கு செய்துவிடுவோம் என்று மிரட்டுவதும் அதற்குள் வரும். இன்னாருக்கு ஓட்டுப் போட்டால், அல்லது போடாவிட்டால், தெய்வக் குற்றம் ஆகிவிடும் என்று வாக்காளரை நம்பவைப்பதும் அதற்குள் வரும். அப்படி நம்பவைத்து வென்றவரின் வெற்றியை உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்கலாம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதைப் புரியவைக்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவில் பணத்தோடு சாமி படத்தையும் நீட்டி, சூடத்தை ஏற்றிச் சத்தியம் வாங்கும் வழக்கத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பணம் தருவது லஞ்சக் கணக்கில் சேரும். சத்தியம் எதற்கு? வாக்குப்பதிவு ரகசியமானது, வாங்கியவர் யாருக்குப் போட்டார் என்று கட்சிக்காரரால் பார்க்க முடியாது. பார்க்கக்கூடியவர் கடவுள் ஒருவர்தான். ஆகவே கடவுளைப் பூத் ஏஜென்டாக உட்கார வைக்கிறார்கள். அந்தச் சத்தியம் 123ஆவது பிரிவு சொல்லும் தெய்வக் கோபத்துக்குள் வரும் என்பதே என் எண்ணம்.

மதத்துக்கும் அரசியலுக்கும் உள்ள உறவை ஐயத்தோடு பார்ப்பவன் நான். ஐயம் என்றதும், கடவுள் உண்டா இல்லையா என்ற பழைய பட்டிமன்றம் என்று நினைத்துவிட வேண்டாம். அது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. என் கேள்வி சிறியது. தேர்தல் என்பது பதில் கேட்கும் ஏற்பாடு. சாலை போடுவேன் என்று சொன்னவரிடம் ஐந்தாண்டு கழித்துச் சாலை எங்கே என்று கேட்கலாம். ஆண்டவன் விருப்பப்படி வந்தேன் என்பவரிடம் எதைக் கேட்பது? ஆண்டவனைச் சாட்சிக்கு அழைக்க முடியாது, கணக்குத் தணிக்கைக்கும் உட்படுத்த முடியாது. மதம் அரசியலுக்குள் வரும்போது பக்தி கூடுகிறதா குறைகிறதா என்பது எனக்குப் பொருட்டல்ல. பதில் சொல்லும் கடமையிலிருந்து ஒருவர் நழுவிப் போக அது வழி செய்கிறதா என்பதே பொருட்டு.

தெய்வக் கோப விதிக்கு நீண்ட வம்சாவளி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் தேர்தலில் வெளிப்படையாக இறங்கினார்கள். 1872இல் கால்வே தொகுதி இடைத்தேர்தலில் வென்ற கேப்டன் நோலனின் வெற்றியை, பாதிரியார்களின் மிரட்டலைக் காரணம் காட்டி நீதிபதி கியோ ரத்து செய்தார். தீர்ப்பில் அவர் பாதிரியார்களைச் சாடிய கடுமையைக் கண்டு கொதித்த மக்கள் அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். 1892இல் மீத் பகுதியின் இரண்டு தொகுதிகளிலும் அதே கதை. ஆயர் நல்டி தம் மக்களுக்கு எழுதிய சுற்றுமடல் காரணமாக இரண்டு வெற்றிகளும் கவிழ்ந்தன. இடையில் 1883இல் வந்த பிரிட்டிஷ் சட்டம், உடலுக்கும் பொருளுக்கும் வரும் கேட்டோடு ஆன்மாவுக்கு வரும் கேட்டையும் மிரட்டலாகக் கணக்கில் எடுத்தது. இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் 2014இல் மேயராக வென்ற லுத்ஃபுர் ரஹ்மானின் தேர்தல் மறு ஆண்டே ரத்தானது. அதற்குச் சொல்லப்பட்ட பல காரணங்களுள் ஒன்று, அவரை ஆதரிக்கும்படி 101 இமாம்கள் கையெழுத்திட்டு வங்கமொழிப் பத்திரிகையில் வெளிவந்த கடிதம்.

நம் நாட்டில் இந்த விதி சோதிக்கப்பட்ட முக்கியமான வழக்கு 1959இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அன்றைய பஞ்சாபின் சிர்சா தொகுதியில் நாம்தாரி என்ற சீக்கியப் பிரிவினரின் குரு, இன்ன வேட்பாளருக்குத்தான் வாக்களிக்க வேண்டும் என்று தம் சீடர்களுக்குக் கட்டளை இட்டிருந்தார். மதத் தலைவருக்கும் அரசியல் கருத்து இருக்கலாம், அதைச் சொல்லவும் செய்யலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் கேட்பவருக்கு வேறு வழியே இல்லை என்ற நிலையை உண்டாக்கி, மீறினால் குருவின் கோபத்துக்கு ஆளாவாய் என்று வந்துவிட்டால் அது கருத்தல்ல, நிர்ப்பந்தம் என்றது. தேர்தல் செல்லாது என்பது தீர்ப்பு. கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டது என்பேன். சாமியார் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது எனக்குக் கவலையில்லை. போடாதவனுக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்வதுதான் கவலை.

123ஆவது பிரிவில் இன்னொரு விதியும் உண்டு; அதைச் சுற்றித்தான் சண்டை அதிகம். மதம், இனம், சாதி, சமூகம், மொழி இவற்றின் அடிப்படையில் ஓட்டுப் போடு என்றோ போடாதே என்றோ கேட்பதும், மதச் சின்னங்களைக் காட்டி ஓட்டுக் கேட்பதும் முறைகேடு.

இப்படி ஒரு தடை ஏன் வந்தது என்பதற்கு வரலாறு தெரிய வேண்டும். 1909இல் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகளைக் கொடுத்தது. அவற்றில் முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். பிறகு சீக்கியர்கள் போன்ற பிற சமூகங்களுக்கும் அந்த ஏற்பாடு விரிந்தது. வேட்பாளர் தன் மதத்தாரிடம் மட்டும் பேசினால் போதும் என்ற நிலை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நீடித்தது. அது முடிந்தது பிரிவினையில். விடுதலைக்குப் பின் வந்த அரசியல் சட்டத்தின் 325ஆவது பிரிவு, தொகுதிக்கு ஒரே வாக்காளர் பட்டியல், மதம் சாதி பார்த்து யாரையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று எழுதியது. பட்டியலை ஒன்றாக்கிய பிறகும் பிரசாரம் பிரிந்தே இருந்தால் என்ன பயன் என்ற அச்சம்தான் 123ஆவது பிரிவின் பின்னால் இருக்கிறது. தொடக்கத்தில் திட்டமிட்டுத் தொடர்ந்து அப்படிக் கேட்டால்தான் குற்றம் என்று இருந்தது. 1961இல் திருத்தம் வந்து, ஒரே ஒரு முறை கேட்டாலும் குற்றம் என்று இறுக்கினார்கள்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்டாரா என்று முடிவுசெய்ய வேண்டுமானால், எது மதம் என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். அந்த வேலை கறுப்பு அங்கி போட்டவர்களின் தலையில் விழுந்தது. அவர்களும் பெரும்பாலும் கண்ட முடிவு, இது மதம் அல்ல என்பதே.

1962 மக்களவைத் தேர்தலில் ஜஜ்ஜர் தொகுதியில் வென்ற ஜக்தேவ் சிங் சித்தாந்தி, கூட்டங்களில் ‘ஓம்’ எழுதிய கொடியைப் பயன்படுத்தினார் என்று வழக்கு. ஓம் இந்துக்கள் உயர்வாக மதிக்கும் ஆன்மிகச் சொல்தான், ஆனாலும் அந்தக் கொடி மதச் சின்னமல்ல என்றது உச்ச நீதிமன்றம். அதே காலத்தில் பஞ்சாபிலிருந்து இன்னொரு வழக்கு வந்தது. ‘பந்த்’தின் மானத்தைக் காப்பாற்ற அகாலி தள வேட்பாளருக்கு வாக்களியுங்கள் என்று சுவரொட்டி. பந்த் என்றால் சீக்கிய சமூகம் என்று குருத்வாராவுக்குப் போகும் எந்தக் குழந்தையும் சொல்லும். இந்தச் சுவரொட்டியில் அது அகாலி தளக் கட்சியைக் குறிக்கிறது என்று நீதிமன்றம் படித்தது. 1971இல் இந்திரா காந்தியின் காங்கிரசுக்குப் பசுவும் கன்றும் சின்னமானது. பசு மதச் சின்னம் என்று போட்ட வழக்குகள் எடுபடவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் சட்டத்திலேயே ஒரு பூட்டு இருக்கிறது: சட்டப்படி வேட்பாளருக்கு ஒதுக்கப்பட்ட எந்தச் சின்னமும் இந்தப் பிரிவின்படி மதச் சின்னமாகக் கருதப்படாது. தேர்தல் ஆணையம் ஒதுக்கிவிட்டால் தெய்வத்தன்மை கழன்றுவிடுகிறது! ஆகம விதிகளில்கூட இவ்வளவு எளிதான பரிகாரம் கிடையாது.

இந்த வரிசையின் உச்சம் 1995 டிசம்பர் 11. அன்று மும்பையைச் சேர்ந்த பல தேர்தல் வழக்குகளில் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. அவற்றில் இரண்டை அருகருகே வைத்துப் படித்தால் சட்டத்தின் தடுமாற்றம் விளங்கும்.

முதல் வழக்கு 1987 டிசம்பரில் வில்லே பார்லே தொகுதியில் நடந்த இடைத்தேர்தல். வென்றவர் டாக்டர் ரமேஷ் பிரபு. அவருக்காகப் பேசியவர் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே. நவம்பர் 29, டிசம்பர் 9, 10 ஆகிய நாட்களில் அவர் பேசிய பேச்சுகள் வழக்கில் வார்த்தை வார்த்தையாக வைக்கப்பட்டன. இந்தத் தேர்தலை இந்துக்களின் பாதுகாப்புக்காகவே சந்திக்கிறோம், முஸ்லிம்களின் ஓட்டைப் பற்றி எங்களுக்கு அக்கறையில்லை, இந்த நாடு இந்துக்களுடையது, அப்படியே இருக்கும் என்பது அவற்றின் சாரம். இதில் சுற்றி வளைப்பது ஒன்றுமில்லை. உயர் நீதிமன்றம் 1989இல் தேர்தலை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பின்னர் தாக்கரேயின் வாக்குரிமையும் ஆறு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது.

இரண்டாவது வழக்கு 1990 தேர்தலில் தாதர் தொகுதியில் வென்ற மனோகர் ஜோஷியினுடையது. முதல் இந்து ராஜ்யம் மகாராஷ்டிரத்தில் அமையும் என்று அவர் பொதுக்கூட்டத்தில் பேசியதாகக் குற்றச்சாட்டு. அப்படிச் சொல்வது வெறுக்கத்தக்கதாகவே இருந்தாலும் அது ஒரு எதிர்பார்ப்பின் வெளிப்பாடு மட்டுமே, மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்டது ஆகாது என்று அதே நாளில் அதே நீதிமன்றம் சொன்னது. தேர்தல் செல்லும். தீர்ப்பு வந்தபோது ஜோஷி மகாராஷ்டிரத்தின் முதலமைச்சர்.

ஆக, ‘இந்துக்களுக்காக ஓட்டுப் போடு’ என்றால் குற்றம். ‘இந்து ராஜ்யம் வரப்போகிறது’ என்று சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்டால் குற்றமில்லை. மேடையில் நிற்பவருக்கு இது நல்ல பயிற்சி. வினைமுற்றை மாற்றினால் போதும். அதே தீர்ப்புகளில்தான், ‘இந்துத்வம்’ என்ற சொல் பொதுவாக இந்தியத் துணைக்கண்ட மக்களின் வாழ்க்கை முறையைக் குறிப்பது, அதைச் சொன்னதாலேயே மதத்தின் பெயரால் கேட்டதாகிவிடாது என்ற புகழ்பெற்ற வரியும் வந்தது. எந்தச் சூழலில், யாரிடம், என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது. மேடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது முதல் பாதி மட்டும்.

கால அளவையும் கவனியுங்கள். தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வில்லே பார்லே வழக்கில் கடைசித் தீர்ப்பு வந்தபோது, எந்தச் சட்டப்பேரவைக்காக அந்தத் தேர்தல் நடந்ததோ அது கலைந்து ஐந்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்த பெரிய தீர்ப்பு 2017 ஜனவரி 2 அன்று வந்தது. அதன் வேர் 1990இல் சாண்டாகுரூஸ் தொகுதியில் அபிராம் சிங் பெற்ற வெற்றி. ஏழு நீதிபதிகளின் முன்னால் வந்து சேர இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. ‘இந்துத்வம்’ பற்றிய பழைய வரியை மறுபடி கிளற மாட்டோம் என்று அமர்வு முதலிலேயே சொல்லிவிட்டது. எஞ்சிய கேள்வி, சட்டம் தடுப்பது யாருடைய மதத்தை என்பது. வேட்பாளரின் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது தப்பு என்பதில் சந்தேகமில்லை. வாக்காளரின் மதத்தைச் சொல்லி, ‘நீங்கள் இன்ன மதத்தார், ஆகவே எனக்குப் போடுங்கள்’ என்றால்? அதுவும் தப்பே என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று பேர் மறுத்தார்கள்.

என்னைப் போன்ற ஐயவாதி நால்வர் பக்கம் நின்று கைதட்டுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். மூவருக்காக நீதிபதி சந்திரசூட் எழுதிய மறுப்புதான் எனக்குக் கனமாகப் படுகிறது. மதம், சாதி, மொழி இவற்றைக் காரணமாக்கி நூற்றாண்டுகளாக மனிதரை ஒதுக்கிவைத்த நாடு இது. அந்த ஒதுக்கலைப் பற்றித் தேர்தல் மேடையில் பேசக் கூடாது என்றால், பிறகு எங்கே பேசுவது? ‘முஸ்லிம் என்பதால் உங்களுக்கு வாடகைக்கு வீடு மறுக்கப்படுகிறது, அதை மாற்றுவேன்’ என்பது மதத்தைச் சொல்லும் பேச்சுதான். ஆனால் அதற்கு நாளை பதில் கேட்கலாம்: மாற்றினாயா, சட்டம் கொண்டுவந்தாயா, எங்கே? ‘முஸ்லிமாக இருந்துகொண்டு அவனுக்கு ஓட்டுப் போட்டால் மறுமையில் என்ன சொல்வாய்’ என்பதும் மதத்தைச் சொல்லும் பேச்சுதான். அதற்கு யாரும் யாரிடமும் பதில் கேட்க முடியாது. இவ்விரண்டையும் ஒரே கூடையில் போடும் சட்டம், துயரத்தைச் சொல்பவனின் வாயையும் பயத்தை விற்பவனின் வாயையும் சேர்த்து அடைக்கிறது. இரண்டாமவன் எப்படியும் வேறு சொல்லைக் கண்டுபிடித்துவிடுவான் என்பதை 1995 காட்டிவிட்டது.

கண்டுபிடிக்கக்கூட வேண்டியதில்லை, காத்திருக்காமல் முன்கூட்டியே பேசிவிட்டால் போதும். சட்டம் வேட்பாளர் என்று சொல்வது முறைப்படி வேட்பாளராக முன்மொழியப்பட்டவரை. 1975 திருத்தத்துக்குப் பிறகு, வேட்புமனு கொடுப்பதற்கு முன்னால் பேசியது 123ஆவது பிரிவுக்குள் வராது. ஐந்தாண்டில் அந்தப் பிரிவு விழித்திருப்பது சில வாரங்கள். மீதி நாட்களில் யாத்திரை போகலாம், யாகம் நடத்தலாம், கும்பாபிஷேக மேடையில் மந்திரியாக உட்காரலாம், இப்தார் கஞ்சி குடித்தபடி படம் எடுத்துக்கொள்ளலாம். பேசியவர் வேட்பாளரோ அவருடைய முகவரோ இல்லையென்றால், வேட்பாளரின் சம்மதத்தோடுதான் பேசினார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். கட்சிப் பெயரே இல்லாத அமைப்பு அச்சடித்த துண்டறிக்கைக்கு யாருடைய சம்மதத்தைத் தேடுவது?

தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள் இதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும். சாதி மத உணர்ச்சிகளைக் கிளறி ஓட்டுக் கேட்காதே, கோயிலையும் மசூதியையும் தேவாலயத்தையும் பிரசார மேடையாக்காதே என்று அவை சொல்கின்றன. 2019 ஏப்ரலில் ஆணையம் யோகி ஆதித்யநாத்தை 72 மணி நேரமும் மாயாவதியை 48 மணி நேரமும் பிரசாரத்திலிருந்து விலக்கிவைத்தது. நடத்தை விதிகளுக்குச் சட்டத்தின் பலம் இல்லை. ஆனால் வேகம் உண்டு. எட்டாண்டு கழித்து வரும் தீர்ப்பைவிட இரண்டு நாள் வாய்ப்பூட்டு மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அது தேர்தல் முடிவதற்குள் வருகிறது.

ஐயவாதி தன் பக்கத்து நம்பிக்கையையும் ஐயப்பட வேண்டும். மதத்தைத் தொட்டுவிட்டால் வாக்காளர் மயங்கிவிடுவார் என்பது அந்த நம்பிக்கை. 1971 ஜனவரியில் சேலத்தில் பெரியார் முன்னின்ற மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் ஊர்வலத்தில் ராமர் படம் செருப்பால் அடிக்கப்பட்டது. சில வாரங்களில் தேர்தல். ராமரை அவமதித்தவர்களின் தோழர்களுக்கா ஓட்டு என்று எதிரணி தி.மு.க.வுக்கு எதிராகச் சுவரொட்டிகளும் பேச்சுமாகத் தமிழகத்தைச் சுற்றி வந்தது. ஓட்டுப் போடாதே என்று மதத்தைச் சொல்லிக் கேட்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 234 இடங்களில் தி.மு.க. 184 இடங்களை வென்றது. ஊர்வலத்தில் நடந்ததை அந்த வாக்காளர்கள் ஆதரித்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. பெரும்பாலோர் வீட்டில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வாக்குச்சாவடிக்குப் போயிருப்பார்கள். கும்பிட்ட சாமி வேறு, போடும் ஓட்டு வேறு என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு 123ஆவது பிரிவு தேவைப்படவில்லை. ஒரு தேர்தலை வைத்து விதி எழுத முடியாது என்பதும் உண்மைதான். அந்தக் கூட்டணியில் இந்திராவின் காங்கிரசும் இருந்தது, வேறு பல காரணங்களும் இருந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தப் பிரிவைப் பயன்படுத்த நினைப்பவருக்கு நடைமுறை இதுதான். தோற்ற வேட்பாளர்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை; அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம். முடிவு வந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். செலவுத்தொகைக்கு ஈடாக 2,000 ரூபாய் கட்ட வேண்டும். முறைகேட்டைக் கிரிமினல் குற்றம்போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பதால், யார் பேசினார், எந்த நாளில், எந்த இடத்தில், என்ன வார்த்தைகளில், வேட்பாளரின் சம்மதம் எப்படித் தெரிகிறது என்ற விவரம் அத்தனையும் மனுவில் இருக்க வேண்டும். கூடவே பிரமாணப் பத்திரமும் வேண்டும். மதவெறியோடு பேசினார் என்று பொத்தாம்பொதுவாக எழுதிக் கொடுத்தால், சாட்சி விசாரணைக்குப் போகாமலே மனு தள்ளுபடி ஆகிவிடக்கூடும்.